கூட்டிச் சொன்ன அறை

இதில் வருவது அத்தனையும் நடந்தது. ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் வருமானக் கணக்கெடுப்பில் தன் சம்பாத்தியத்தை இரண்டு மடங்காகச் சொன்ன அன்று மாலை, அவர் வீட்டுக் கூடத்தை ஒட்டி ஓர் அறை முளைத்தது. வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டியே வந்தது.

அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. கணக்கெடுக்க வந்த பெண் மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டபோது, எதிரில் மனைவியின் அண்ணன் கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். இவன் சம்பாத்தியத்தில் என் தங்கை எப்படிப் பிழைப்பாள் என்று கல்யாணத்தன்றே நாலு பேர் காதுபடக் கேட்ட மனிதர். அவரை வைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? அந்தத் தெருவில் யாரும் கேள்வியைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்வார்கள்.

"எங்கண்ணன் எதிர்ல பந்தா காட்டினீங்க. இப்ப இதை யாரு பெருக்கித் துடைக்கிறது?" என்றாள் மனைவி.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தாள். நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த கணவனுக்கு இலவசமாக வரும் மருந்து, உள்ளதைச் சொன்னால் நின்றுபோகும் என்ற பயம். மருந்து நிற்கவில்லை, வீட்டில் பாதிதான் காணாமல்போனது. தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் இடம் மிஞ்சியது, கட்டிலுக்கு இல்லை. புருஷனையும் கட்டிலையும் தெருவில் வைத்துக்கொண்டு நின்றாள். காயில் கட்டுகிறவர் போய்க் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை அவர் மனைவி பிடித்தாள். புது அறையில் கட்டில் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

மழைக்காலம் கழிந்ததும் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள், யாரையும் ஒன்றும் செய்யமாட்டோம் என்று அன்பாகவே சொன்னார். இந்தமுறை மச்சான் இல்லை. உள்ளதைச் சொன்னால் அறை போய்விடும். உள்ளே நோயாளி இருமிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கையில் ஊசியோடு வாசலில் வந்து நின்றாள்.

"போன தடவை கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டேன் சார்" என்றார் காயில் கட்டுகிறவர்.

மேலும் கொஞ்சம் கூட்டினார். அதிகாரி எழுதி முடிப்பதற்குள் அறையின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்துகொண்டது. காற்று வந்ததும் இருமல் தணிந்தது. தையல்காரம்மா காயில் கட்டுகிறவரின் சட்டையில் தொங்கிய பொத்தானை, சட்டையைக் கழற்றவும் விடாமல், நின்றபடியே தைத்துக் கொடுத்தாள்.

"அப்படியே ஒரு குளியலறைக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தபடி.

கூட்டியவர்களும் குறைத்தவர்களும் ஒருவரையொருவர் ஈடுகட்டி, அதிகாரி கூட்டிப் பார்த்தபோது தெருவின் சராசரி துல்லியமாக வந்ததாம். நோயாளி தேறி அந்த ஜன்னலருகே உட்கார்ந்து பொத்தான்துளை போடுகிறார். காயில் கட்டுகிறவர் அதன்பின் துணி தைக்கக் கூலி கொடுத்ததில்லை, அவர்களும் வாடகை கொடுத்ததில்லை.

அந்தக் கணக்கெடுப்பின் அறிக்கையில் இந்தத் தெருவைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: வீடுகள் அனைத்தும் பூட்டியிருந்தன, யாரையும் சந்திக்க இயலவில்லை.