ஒரே எழுத்தில் இரண்டு பிடி

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. யாருடைய தும்மல்? சுலோசனாவுடையது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் தொடக்கம்: ‘மைசூரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு…’ வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: ‘கர்ப்பப்பையை எடுத்த மூன்றாம் மாதம் சுலோசனா சிரிப்பதை நிறுத்தினாள்.’ இது இருக்கட்டும். சிரித்தால், இருமினால், தும்மினால் சிறுநீர் கசிந்தது. கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்தில் தங்கை மகள் மனிஷாவுக்கு வளைகாப்பு வரப்போகிறது. மைசூரிலிருந்து மூன்று மணி நேர பஸ் பயணம். பெரியம்மா இல்லாமல் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள் அந்தப் பெண். சுலோசனாவோ போகாமலிருக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள். [இதையெல்லாம் யாரிடம் சொல்வது? நானே… சரி, அடைப்பை மூடிவிடுகிறேன்.]

2

அஷ்வினி, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தமிழில் பாதி கன்னடம். இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

“மூத்திரத்த அடக்குற மாதிரி உள்ள இழுங்க ஆன்ட்டி. அஞ்சு எண்ணுங்க. ஆச்சா? பிடி.”

சுலோசனா பிடித்தாள். ஒன்றரை மாதம், தினம் மூன்று வேளை பிடித்தாள். கசிவு நிற்கவில்லை. அடிவயிறு இறுகி வலித்ததுதான் மிச்சம்.

“கொறஞ்சுதா ஆன்ட்டி?”

“எங்க கண்ணு கொறையுது? நீ பிடிங்கற, நானும் விடாமப் பிடிச்சுட்டேதான் இருக்கறேன். ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத. பெரியவங்களப் போயி ‘பிடி’ங்காத. ‘பிடிங்க’ன்னு சொல்லு.”

அஷ்வினி திகைத்துப் போனாள். “அய்யோ, மரியாதையாத்தானே சொன்னேன்! கன்னடத்துல பிடின்னா விடுங்க! விட்டுடுங்க ஆன்ட்டி!”

சுலோசனா ‘பிடி… விடுங்க’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், மூன்று மாதச் சிரிப்பையும் சேர்த்து. நனையத்தான் செய்தது. அன்றைக்கு அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

3

‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ தமிழ்ப் பிடி, இறுக்கச் சொல்வது. இரண்டாவது ‘ப’வின் ஓசையில் தொடங்குவது கன்னடப் பிடி, ‘விடுங்கள்’ என்று மரியாதையாகச் சொல்வது. காதுக்கு இரண்டு, அச்சுக்கு ஒன்று. இதைத் தமிழில் எழுதவே முடியாது என்று இந்த இடத்தில் நான்கு நாள் நின்றுவிட்டேன்.

(தசைக்கு இரண்டும் வேண்டுமாம். இறுக்கியதை முழுசாகத் தளர்த்தினால்தான் அடுத்த முறை இறுக்கத் தெம்பிருக்கும். சொன்னது அஷ்வினி.)

4

முடிவு அ: முட்டிவலி என்று பொய் சொல்லி சுலோசனா வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். எழுதும்போதே எரிச்சலாக வந்தது, அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: பஸ்ஸில் ஏறுகிறாள். கொள்ளேகாலில் டிரைவர் பிரேக் போட…

போதும். தும்மியது நான். கர்ப்பப்பை என்னுடையது, மனிஷா என் தங்கை மகள். சுலோசனா என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

விட்டுப் பழகி இரண்டு மாதமாகிறது. இன்று காலை மிளகாய் வறுத்தேன். தும்மல் வந்தது. சேலை காய்ந்தே இருந்தது. நம்பாமல் வாணலிக்கு மேல் குனிந்து இன்னொரு தும்மல் போட்டேன். காய்ந்தேதான் இருந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், மிளகாயின் மேல் பழியைப் போட்டு.

நாளை வளைகாப்பு. விடியற்காலை பஸ். மூன்று மணி நேரத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் முடிவை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.

மரியாதையாகத்தான் சொல்கிறேன்: பிடி.