ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மரங்கள்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் பிர்க்கன்ரோடே கிராமத்துச் சரிவில் நட்ட ஊசியிலைக் கன்றுகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கப் போயின. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த நேரத்தில் ஊரே நடக்கத்தான் போகும். சிக்கல் என்னவென்றால், திங்கட்கிழமை காலையில் கன்றுகள் வரிசையில் இல்லை.

உலகப் போரில் ஜெயித்தவர்கள் மலையை மொட்டையடித்து மரத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். அடுத்த வசந்தத்தில் சேறு சரிந்து வந்து கெர்லிண்ட் ஓபர்பெக்கின் சமையலறையில் அடுப்பு உயரத்துக்கு நின்றது. புருஷனைப் போர்முனையில் பறிகொடுத்தவள். வீட்டையும் மண்ணுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஊர்ப் பெண்களைத் திரட்டி, கயிறு கட்டி, நேர்நேராகக் கன்று நட்டாள். காடென்றால் வரிசை என்று வனத்துறை தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது, அவளும் நம்பினாள். ஆகவே திங்கள்தோறும் ஓடுகாலிகளைப் பிடுங்கி வந்து பழைய குழியிலேயே நட்டாள். கீழ்வீட்டுக்காரர், ஓய்வுநாளில் சத்தம் போடுகின்றன என்று கன்றுகள் மீது போலீசில் புகார் கொடுத்தார். வேர் அறுந்து அறுந்து பாதிக் கன்றுகள் மஞ்சளித்துச் செத்தன. சேறு மறுபடி வாசற்படிக்கு வந்தது.

அந்த ஞாயிறு கெர்லிண்ட் சாப்பாட்டுக்குப் பிந்தைய கேக்கைக்கூடத் தொடாமல் கன்றுகளின் பின்னால் போனாள். நெருக்கியடித்து நின்றவை விலகி ஓடைக்கரையில் ஈரம் பார்த்து நின்றுகொண்டன. காலியான இடத்துக்கு எதிர்ச்சரிவிலிருந்து பீச் என்னும் அகன்ற இலை மரத்தின் கன்றுகள் சாவகாசமாக ஏறி வந்தன. அவை நின்ற இடத்தில் மண் அசையவில்லை. குதிகாலால் உதைத்தும் பார்த்தாள். மறுநாள் வரிசை பிடித்த கயிற்றைக் கொண்டுபோய் ஆட்டைக் கட்டிவிட்டாள்.

வன அதிகாரி லோதார் ஷ்டுபே வந்தார். “என்னம்மா இது, சந்தைக் கூட்டம் மாதிரி நிக்குது? கயித்தை எடுங்க.”

“ஆடு குடுக்காதுங்க. ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து மரத்துக்கிட்ட சொல்லிப் பாருங்க.”

அவர் நிஜமாகவே வந்து, நடுச்சரிவில் நின்று உத்தரவு போட்டார். கன்றுகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்று தொப்பியையும் மாட்டிக்கொண்டு போயிற்று. கோபத்தில், பிடுங்கி நட ஆட்களை அனுப்பினார். கெர்லிண்டும் பெண்களும் கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து காலுறை பின்னினார்கள். “எங்களைப் பிடுங்கிட்டு அதுங்களைப் பிடுங்குங்க,” என்றாள். இலையுதிர்காலம் பிறந்ததும் ஆட்கள் ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

பிற்காலத்தில் ஒரு புயல் பக்கத்துப் பள்ளத்தாக்கின் நேர்வரிசைக் காட்டை ஒரே மத்தியானத்தில் சாய்த்தது. மிச்சத்தை வண்டு தின்றது. பிர்க்கன்ரோடேயில் ஒரு கூடை மண்கூடக் கீழே வரவில்லை. கெர்லிண்ட் கடைசிவரை அந்தச் சமையலறையிலேயே சமைத்துச் சாப்பிட்டாள். அவளை அடக்கம் செய்தது ஒரு புதன்கிழமை. மரங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தன. பாதிரியார் கடைசி மரம் வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.