சஹனிலிருந்து ஒரு பிடி

றஹ்மாவின் புருஷனுடைய அக்கா பரீதாவின் மகளுக்குக் கலியாணம். கிண்ணியா ஊரே அந்த வளவுக்குள் நிற்பதுபோல் சனம். நெய்ச்சோறு மணத்தது, இறைச்சி மணத்தது, எல்லாவற்றுக்கும் மேலால் இறால் பொரியல் மணத்தது. அந்த மணம் பட்டதிலிருந்து றஹ்மா மூன்று வயது மகன் இர்பானை இடுப்பை விட்டு இறக்கவேயில்லை.

இறால் தின்று இரண்டு முறை அவனுக்கு உதடு வீங்கியிருக்கிறது. இரண்டாவது முறை கண்ணே மூடிப்போயிற்று. "அடுத்த முறை தொண்டை அடைக்கலாம். கிட்டக்கூடக் கொண்டுபோகாதீங்க" என்று டவுன் டாக்குத்தர் சொல்லிவிட்டார். இறால் விற்றுச் சோறு தின்கிற ஊரில் அதை எப்படிச் செய்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பெண்கள் பாயில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு, நடுவில் கறிகள், ஆறு கையும் அதற்குள். றஹ்மா சுவரோரம் ஒதுங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை அவிழ்த்தாள்.

"இஞ்ச பாருங்க புதினத்த!" அயல்வீட்டு ஆமினா உம்மா கையைத் தட்டினாள். "கலியாண ஊட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்திரிக்காள்! ஏன் புள்ள, எங்கட சஹன்ல நஞ்சா கெடக்கு?"

"அவனுக்கு றால் ஒத்துக்கொள்ளாது, சாச்சி."

"ஒத்துக்கொள்ளாதாம்! நான் ஒம்பது பெத்தனான். ஒண்டுக்கும் இந்தப் பவுசு வரல்ல."

பாய் முழுக்கச் சிரிப்பு. பரீதாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தம்பியின் மகன் தன் வீட்டு விருந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பதா? ஊர் என்ன கதைக்கும்? பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்க மட்டும் அங்கே ஒரு வாய் இருக்கவில்லை.

இர்பானைச் சுவரோரம் இருத்திவிட்டு றஹ்மா தண்ணீர் எடுக்கத்தான் எழுந்தாள். குசினி வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் இர்பான் பரீதாவின் மடியில் இருந்தான். வாயில் சோறு.

"மச்சி! என்ன குடுத்தீங்க?"

"பதறாதீங்க. றாலெல்லாம் ஒதுக்கிப்போட்டு வெறுஞ்சோறுதான் குடுத்தனான். ஒரு பிடி."

றஹ்மா அவள் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் இறாலின் சிவந்த எண்ணெய்.

மகனின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். பாதி இறங்கிவிட்டது. முதலில் இருமினான். பிறகு கழுத்தைச் சொறிந்தான். உதடு அவள் கண்முன்னே ஊதிற்று. "உம்..." என்று தொடங்கிய குரல் கம்மிப் பாதியில் நின்றுபோனது.

"கண்ணூறு! மிளகாய் கொண்டாங்க, சுத்திப்போடுவம்!"

"பள்ளி லெப்பையக் கூப்பிடுங்க, தண்ணி ஓதிக் குடுக்கட்டும்!"

"ஒதுங்குங்க!"

றஹ்மா போட்ட சத்தத்தில் கூட்டம் விலகியது. ஆண்கள் பந்தலில் புருஷனைத் தேட நேரமில்லை. தலையிலிருந்து சேலை நழுவியதும் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். பஸ்ஸையும் லொறியையும் ஏற்றிக் கடக்கிற மிதவைப் பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. அது ஆடி அசைந்து வருவதற்குள்... அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

"ஜமால்தீன் காக்கா! புள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமக் கெடக்கு!"

தோணிக்காரர் வலையைப் போட்டது போட்டபடி எழுந்தார். "ஏறுங்க. நேரா டவுனுக்கே விடுறன்."

கலியாணச் சேலையோடு தண்ணீரில் இறங்கி, பரீதாவும் ஏறிக்கொண்டாள்.

"நான் புடிக்கட்டா?"

"தொடாதீங்க!"

பரீதா நீட்டிய கையை இழுத்துக் கடலுக்குள் விட்டுத் தேய்த்தாள். உப்புத் தண்ணீருக்கு எண்ணெய் போகவில்லை. தோணி விளிம்பில் வைத்து உரசினாள். தோல் கன்றும்வரை உரசினாள்.

றஹ்மா மகனின் வாயோடு காதை வைத்திருந்தாள். உள்ளே போகிற மூச்சு கீச்சிட்டது. எஞ்சின் இரைச்சலில் அது கேட்காமல் போகும்போதெல்லாம் இவளுடைய மூச்சும் நின்றது. அல்லாஹ்வே, கீச்சிடட்டும். நிற்காமல் கீச்சிடட்டும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். உதட்டில் ஏறியிருந்த நீலம் மெல்ல இறங்கியது. "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா..." என்ற நேர்ஸ், றஹ்மாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

பரீதா கட்டில் கால்மாட்டில் தரையில் குந்தியிருந்தாள். "றாலத் தொட்ட கையாலயும் வருமெண்டு எனக்குத் தெரியா, றஹ்மா."

"கிட்டயே கொண்டுபோக ஏலாதெண்டு எத்தின தரம் சொன்னனான், மச்சி? எல்லாரும் சிரிச்சீங்க."



பொழுது சாயும்போது இர்பான் கண் திறந்தான். அந்தக் குரலை இனிக் கேட்போமா என்று கடல் முழுக்கத் தவித்து வந்தவள் அவன் முகத்தோடு முகம் வைத்தாள்.

"உம்மா, பசிக்கிது."

பரீதா பழக்கத்தில் சட்டென்று எழுந்தாள். எழுந்தவள் தன் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி ஒரு பாண் ரொட்டித் துண்டை நீட்டினாள், அன்பாகத்தான். அந்தக் கை கிட்ட வர வர, றஹ்மா அதன் விரல் இடுக்கில் எண்ணெய் தேடினாள்.