பங்கு போட்ட பல்வலி

அந்தப் பாட்டுக்கு அதை எழுதியவர் வைத்த பெயர் வேறு. வாசித்தவர்கள் வைத்த பெயர் பல்வலி. வானொலி நிலையத்து வாத்தியக் குழுவில் யாராவது ‘நாளைக்குப் பல்வலி’ என்றால் போதும், கேட்டவர்களின் கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

எழுதியவர் குழுவை நடத்தியவர்தான். பேச்சு தேள் மாதிரி கொட்டும் என்பதால் அவருக்குக் கொடுக்கு என்று பெயர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எது வராதோ அதைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தார் மனுஷன். புல்லாங்குழலுக்கு மூச்சு வாங்க இடமே வைக்கவில்லை. டிராம்போன் குழாயைக் கைக்கெட்டும் கடைசி வரை தள்ளிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் மூக்கு வரை இழுக்க வேண்டும். கிளாரினெட்டில் கீழ்ச் சுரங்களுக்கும் மேல் சுரங்களுக்கும் நடுவே கால் தடுக்குகிற ஒரு படி உண்டு. அந்தப் படியிலேயே கிளாரினெட்காரரை ஏறி இறங்க விட்டார். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸைக் குருவி மாதிரி பாடச் சொன்னார். யானையை ஊசி கோக்கச் சொன்ன கதைதான்.

ஆளாளுக்கு ஒரு திருட்டுத்தனம் வைத்திருந்தார்கள். புல்லாங்குழல் அக்கா நடுவில் ஒரு சுரத்தை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார். பாஸ்காரர் எல்லாவற்றையும் கீழேயே வாசித்துவிட்டு, முகத்தை மட்டும் உச்சஸ்தாயிக்குக் கொண்டுபோவார். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், யாரை யார் குறை சொல்வது?

இரண்டாம் வயலின் என்று இருந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவரைக் குழுவில் எல்லோரும் அண்ணன் என்றார்கள். அதனால் அவள் எல்லோருக்கும் அண்ணி. அவளைவிட வயதில் மூத்த டிராம்போன்காரருக்கும் அண்ணிதான்.

இரண்டாம் வயலின்காரர்களின் பிழைப்பு தெரிந்ததுதானே. முதல் வயலின்காரர்கள் பாட்டை வாசித்துக் கைதட்டல் வாங்குவார்கள், இவர்கள் பின்னால் உட்கார்ந்து ‘ம்பா, ம்பா’ என்று ஒத்து ஊத வேண்டும். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் தேநீர் இடைவேளையில், “எங்களுக்கும் வாசிக்க ஏதாவது எழுதுங்க சார், வில்லுல துரு புடிக்குது” என்று கொடுக்கிடம் சொல்லிவைத்தார். வாயைக் கொடுத்து வம்பை வாங்கினார். அடுத்த வாரம் பல்வலியில் இரண்டாம் வயலினுக்கு மட்டும் நான்கு வரி முளைத்திருந்தது. அந்த நேரத்தில் டபுள் பாஸ் மட்டும் கீழே தாளம் தட்டும், மற்றவர்கள் வாய் மூடிக் கேட்பார்கள். ஒளிய இடமே இல்லை.

ஒரு ஆள் அந்த நான்கு வரியையும் மூச்சுப் பிடித்து வாசிக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அண்ணன்தான் பங்கு போட்டார். முதல் வரியும் மூன்றாம் வரியும் அண்ணிக்கு, இரண்டாவதும் நான்காவதும் தனக்கு. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் வில்லைத் தந்தியின் மேல் படாமல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு இருவரும் வாசிப்பதாகத்தான் தெரியும்.

“ஏங்க, எனக்கு ஏன் முதல் வரி?”

“கஷ்டமானது உனக்கு. என் விரலுக்கு அது எங்க ஓடப்போகுது?”

அண்ணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தாளைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. அவள் வரிகள் எறும்பு மொய்த்த மாதிரி கறுப்பாகக் கிடந்தன. அவருடையதில் சுரங்கள் தள்ளித் தள்ளி, காற்றோட்டமாக உட்கார்ந்திருந்தன. கல்யாண வாழ்க்கை முழுக்க அவள் அதைச் சொல்லிக் காட்டினாள். “எந்த வேலையா இருந்தாலும் சுலபமானதைப் பொறுக்கிக்குவாரு. சமையல்ல கூட வெங்காயம் நான் உரிக்கணும், இவரு உப்பு போடுவாரு.” அவர் மறுத்ததே இல்லை. “கைராசிக்காரியை வச்சுக்கிட்டு நான் ஏன்மா கஷ்டப்படணும்?” என்பார்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது அவர் சமையலறையில் உட்காருவார், இவள் படுக்கையறையில். ஒரே அறையில் இரண்டு வில் ஆட இடம் கிடையாது. இவள் முதல் வரியை முடிப்பாள், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டு பேசாத நாட்களும் உண்டு. அப்போதும் பயிற்சி நடக்கும், வரியை அந்தரத்தில் விட முடியுமா என்ன? இரண்டு மூன்று தடவை போய் வந்தபின், “டீ போடவா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அத்தோடு அந்தச் சண்டை முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகள் காலணி மாட்டிக்கொண்டே, “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டைக் கொல்றீங்க” என்று கத்திவிட்டு ஓடுவாள்.

அண்ணி இன்று நினைத்துப் பார்த்தால், அவள் வாழ்க்கையின் நல்ல காலம் முழுவதும் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும்தான் நடந்திருக்கிறது.

பிறகு நிலையம் குழுவைக் கலைத்தது. ஆளுக்கொரு திசையில் போனார்கள். போன வருடம் அண்ணனும் போய்விட்டார்.

அவர் போனபின்னும் அண்ணி பயிற்சியை விடவில்லை. படுக்கையறையில் உட்கார்ந்து தன் முதல் வரியை வாசிப்பாள். பிறகு வில்லைத் தூக்கி நிறுத்திக்கொண்டு இரண்டாம் வரிக்கான நேரம் முழுக்கக் காத்திருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு அவர் வாசிப்பது கேட்கும். நடுவில் அவர் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கும். பிறகு மூன்றாம் வரியை இவள் பிடித்துக்கொள்வாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவாள்.

“ஏம்மா பாதியில பாதியில நிக்கிற? அப்பா வரியையும் நீயே வாசிச்சிடேன்” என்றாள் மகள் ஒரு நாள்.

“அது என்னோடது இல்ல” என்றாள் அண்ணி. உண்மையான காரணம் வேறு. அவர் வரியைத் தான் வாசிக்கப் பழகினால், தன் சத்தம் அவர் சத்தத்தை மூடிவிடும் என்று பயந்தாள். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் டிராம்போன்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். கொடுக்குக்குப் பிறந்தநாள், பழைய ஆட்களெல்லாம் சேர்ந்து பழைய ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாசிக்கப்போகிறார்களாம். மனுஷனுக்கு வேறெதுவும் வேண்டாமாம், பல்வலிதான் வேண்டுமாம்.

“அண்ணி, இரண்டாம் வயலினுக்கு இன்னொருத்தரை ஏற்பாடு பண்ணட்டுமா?”

“வேண்டாம். அந்த நாற்காலி அப்படியே இருக்கட்டும்.”

“அப்போ அண்ணன் வரி?”

“என்ன வரி?”

“அட என்ன அண்ணி, இவ்வளவு நாளா எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? ஊருக்கே தெரியும்.”

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கணக்காக இத்தனை காலம் வில்லை ஆட்டியிருக்கிறார்கள்! “அதை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அந்த இடத்தை மௌனமாக விடப்போகிறேன், எனக்கு அவர் வாசிப்பது கேட்கும் என்று எப்படிச் சொல்வாள்?

டிராம்போன்காரர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். பாவம் அண்ணி, நான்கு வரியோடும் தனியாக மாரடிக்கப்போகிறார் என்று நினைத்தார். நினைத்ததோடு விட்டாரா? ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் புலம்பினார்.

ஒத்திகையில் அந்த நான்கு வரி வந்தபோது கொடுக்கு கையை உயர்த்தி நிறுத்தினார். தலை நடுங்கும் வயதாகியும் நாக்கு நடுங்கவில்லை. “ரெண்டாம் வயலின் எப்படியும் சொதப்பத்தான் போகுது. அதுக்கு ஒத்திகை வேற எதுக்கு? அடுத்ததுக்குப் போங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிக்கு நிம்மதியாக இருந்தது.

கச்சேரி நாளில் கூடம் நிறைந்திருந்தது. பேரப்பிள்ளைகளும் மருமக்களும்தான் பாதிக் கூட்டம். பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, அண்ணி தாள் வைக்கும் ஸ்டாண்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள், அவருக்கும் தெரிகிற மாதிரி. அவரவர் பழைய திருட்டுத்தனம் மாறாமல் பாட்டு போனது. புல்லாங்குழல் அக்கா அதே சுரத்தை விழுங்கினார். பாஸ்காரர் முகத்தைத் தூக்கினார். பிறகு நான்கு வரி வந்தது. மற்றவர்கள் நிறுத்தினார்கள், பாஸ் மட்டும் மெதுவாகத் தட்டியது.

அண்ணி முதல் வரியை வாசித்தாள். நன்றாகவே வந்தது. முடித்துவிட்டு வில்லைத் தூக்கிக் கண்ணை மூடினாள்.

இரண்டாம் வரிக்கான நேரத்தில் கூடம் அதிர்ந்தது. புல்லாங்குழல், கிளாரினெட், செல்லோ, டிராம்போன், எல்லாம் ஒரே நேரத்தில் அண்ணன் வரிக்குள் பாய்ந்தன. ஒவ்வொருவரும் ‘அண்ணிக்கு நாமாவது கைகொடுப்போம்’ என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வயலினுக்கே வராத வரி டிராம்போனுக்கு எங்கே வரும்? கல்யாண வீட்டுப் பந்தியில் பாத்திரக் கூடை கவிழ்ந்த மாதிரி ஆயிற்று. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பாதியிலேயே அடங்கினார்கள்.

அண்ணிக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவர் சத்தம் ஒரு துளி கேட்கவில்லை. போகட்டும், நான்காம் வரி இருக்கிறதே என்று மூன்றாம் வரியைப் பிடித்து வாசித்தாள். முடித்தாள். காத்திருந்தாள்.

இந்த முறை வெட்கத்தில் ஒருவரும் வாத்தியத்தைத் தொடவில்லை. பாஸ் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்டாள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. அவர் மூச்சு இல்லை, மூக்கை உறிஞ்சுவது இல்லை. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது, அவ்வளவுதான். வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருந்தவர் இங்கே இல்லை. அவர் செத்துப்போய்விட்டார் என்பது அந்த இடத்தில்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

கொடுக்கு கையை இறக்கவில்லை. பாஸ்காரரை இன்னும் தட்டு, தட்டு என்று சைகை காட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான நக்கல் அந்தப் பார்வையில் இல்லை.

அண்ணி வில்லைத் தந்தியில் வைத்தாள். எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட வரி, விரல் வைத்ததில்லை. முதல் தாவலிலேயே சுண்டுவிரல் எட்டவில்லை. காகிதத்தில் காற்றோட்டமாக உட்கார்ந்திருந்த சுரங்கள் கைக்கு வந்தபோது மலைக்கு மலை தாண்டுவதாக இருந்தன. இரண்டு தந்தியை ஒருசேர அழுத்த வேண்டும், அழுத்தியபடியே விரலை இழுத்து நீட்ட வேண்டும், நீட்டியதும் மறுபடி கீழே பாய வேண்டும். அவளுடைய கறுத்த வரிகளில் விரல்கள் அடுத்தடுத்த வீட்டுக்குத்தான் ஓடின. இது அப்படி இல்லை. மணிக்கட்டில் வலி சுரீரென்று ஏறியது. பாதி சுரங்கள் தவறின, சில கீச்சென்றன. விடாமல் கடைசிச் சுரம் வரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். மொத்தக் குழுவும் பெருமூச்சோடு உள்ளே வந்து பாட்டை முடித்து வைத்தது.

கைதட்டல் அடங்கியதும் டிராம்போன்காரர்தான் முதலில் ஓடி வந்தார். பின்னாலேயே மற்றவர்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“மன்னிச்சிடுங்க அண்ணி. ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு…”

அண்ணி இடது கையை விரித்து, சிவந்துபோன சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தினம் காலையில் தன் சுண்டுவிரலை வெந்நீர்க் குவளையில் முக்கி வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தது நினைவுக்கு வந்தது. குளிருக்கு என்று சொல்லியிருந்தார். இவளும் நம்பியிருந்தாள்.

“சுலபமானதை எடுத்துக்கிட்டாருன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்யா” என்றாள். “ஒரு தடவையாவது இல்லைன்னு சொன்னாரா பாருங்க அந்த மனுஷன்.”

புல்லாங்குழல் அக்கா வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டார். அண்ணி அழுதாள். போன வருடம் சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அழாதவள், இப்போது வயலினை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.