இரண்டு நொடி முந்திய சிரிப்பு

தொலைக்காட்சி நிறுவனத்தில் என் வேலைக்குப் பேச்சு அதிகம் தேவையில்லை. அதனால்தான் சேர்ந்தேன். நேயர்கள் அழைப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் வார்த்தையிலேயே ஒரு வரியில் பதிவேட்டில் எழுத வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குள் அது வெளிர்பச்சைத் தாளில் நகலாகி அதிகாரிகளின் மேசைக்குப் போகும். பாராட்டு எத்தனை, புகார் எத்தனை என்று கடைசியில் கூட்டிப் போட வேண்டும். எண்ணுவதற்கும் விதி உண்டு. கணவர் பேசும்போது பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டால் அது இரண்டு கருத்து. நிறுவனத்து ஆட்கள் சொல்வது கருத்தே அல்ல.

ஷெஃபீல்டில் இயற்பியல் படித்துவிட்டு லீட்ஸில் இதைச் செய்கிறேன் என்பதில் என் வீட்டாருக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

அந்த அக்டோபரில் வந்த அழைப்புகளில் பாதி ‘டாட்டர்சால் விடுதி’ பற்றியவை. கடற்கரை ஊர் ஒன்றில் தங்கும் விடுதி. அதை நடத்தும் மிசஸ் டாட்டர்சாலாக ஓர் ஆண் நடித்தார். அவள் தன் கணவனைத் துணி அலமாரிக்குள் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் தூசி தட்டுவாள். தங்க வருகிறவர்களிடம் வாடகையோடு ஒரு பல்லும் கேட்பாள். அவர்களும் கொடுப்பார்கள். இது நகைச்சுவைத் தொடர்.

கிரிம்ஸ்பியிலிருந்து அழைத்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர், பல் பிடுங்கும் முறை தவறு, மற்றபடி பிரமாதம் என்றார். கெண்டலில் ஒரு பெண்மணி, இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்று பத்து நிமிடம் விளக்கிவிட்டு, அடுத்த வாரமும் இதே நேரம்தானா என்று கேட்டார். ஒரு பாதிரியாருக்கு அந்த அலமாரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. ஹாலிஃபாக்ஸ்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: “என் பொண்டாட்டி பாதியில எழுந்து அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. உங்களுக்கு ரொம்ப நன்றி.”

நான்காம் பகுதிக்குப் பிறகு அழைப்புகள் மாறின.

அந்தப் பகுதியில் ஒரு காட்சி. புதிதாக வந்தவர் இருட்டில் அலமாரியைத் திறந்து தன் மழைக்கோட்டை மாட்டுகிறார். மாட்டியது கணவனின் மேல். அது அவருக்குத் தெரியாது. கதவைச் சாத்துகிறார். கையைப் பார்க்கிறார். “ஹேங்கர் சூடா இருக்கே” என்கிறார். அரங்கம் சிரிக்கிறது.

ஆனால் அதற்கு இரண்டு நொடி முன்னால், அவர் வாயைத் திறக்கும் முன்பே, ஒரே ஒரு பெண் சிரிக்கிறாள். கரகரத்த, மூன்று படி இறங்கி வரும் சிரிப்பு.

ஸ்டுடியோவுக்கு வெளியில் படம்பிடிக்கும் தொடர்களுக்கு எங்கள் வழக்கம் இது. முடித்த பகுதிகளை ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் இருநூறு பேருக்குத் திரையிட்டு, அவர்கள் சிரிப்பைப் பதிவு செய்து சேர்ப்போம். இலவசச் சீட்டு. யாரும் அந்தப் படத்தை முன்பு பார்த்திருக்க முடியாது. என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

முப்பத்து நான்கு பேர் அந்தச் சிரிப்புக்காக மட்டும் அழைத்தார்கள். யார் அந்தம்மா என்றார்கள். பாதிப் பேருக்கு அதுதான் தொடரிலேயே சிறந்த இடம். மற்ற பாதி, அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் அலமாரியைத் திறக்கப் பிடிக்கவில்லை என்றார்கள்.

தயாரிப்பாளர் டங்கன் வெளிர்பச்சைத் தாளோடு என் மேசைக்கு வந்தார். “படத்துல பேய் இருக்கலாம் கண்ணு. சிரிப்புல இருக்கக் கூடாது” என்றார். மறு ஒளிபரப்புக்கு முன் வெள்ளிக்கிழமை அதைத் துடைத்துவிட ஒலிப்பதிவாளர் நெவிலிடம் சொல்லியாயிற்றாம்.

செவ்வாய்க்கிழமை டாட்மார்டனிலிருந்து கிளைவ் என்ட்விசில் அழைத்தார். நடுவயதுக் குரல். வழக்கமான கேள்விகளுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

“அது எங்கம்மா” என்றார்.

அம்மாவின் பெயர் ஐரிஸ். எந்த நகைச்சுவைக்கும் அவர் முந்திக்கொண்டுதான் சிரிப்பாராம். அடக்கத் தெரியாது. “அப்பா ஏணியிலேர்ந்து விழறதுக்கு ரெண்டு நொடி முன்னாடி சிரிச்சாங்க. இடுப்பு எலும்பு போச்சு. சாகறவரைக்கும் அவர் மன்னிக்கல. விழுந்தப்புறம் சிரிச்சிருந்தா மன்னிச்சிருப்பார்.”

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இதை ஒரு வரியில் எழுத முடியாது.

ஐரிஸ் பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தார். அன்று மாலைதான் மண்டபத்தில் எங்கள் பதிவு. அவரிடம் அதற்குச் சீட்டு இருந்தது. மகன் அப்போது வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையில் இருந்தார். வாசலில் பால் பாட்டில்கள் எடுக்கப்படாமல் நின்றதைப் பார்த்து வெள்ளிக்கிழமை பால்காரர்தான் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். ஐரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். இறந்தது புதன்கிழமை என்று மருத்துவர் சொன்னார். எத்தனை மணிக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“கிளம்பறதுக்கு முன்னாடியா, போயிட்டு வந்தப்புறமா? அதுதான் எனக்குத் தெரியணும். எட்டு மாசமா வேற ஒண்ணும் நினைக்கல. சீட்டு வீட்டுல இல்ல, கைப்பையிலயும் இல்ல. நேத்து டிவியில அவங்க சிரிச்சாங்க. அப்போ வந்திருக்காங்கதானே?”

அம்மாவின் குரல் எந்த நாடாவிலும் இல்லை என்றார். அந்தச் சிரிப்பைத் துடைக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னதும், எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டார். விசாரித்துவிட்டு வெள்ளிக்கிழமை அழைக்கிறேன் என்றேன். அப்படி ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

நெவிலின் அறைக்குப் போனேன். மண்டபத்தின் கூரையிலிருந்து எட்டு மைக்குகள் தொங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகும். ஒரே சிரிப்பு ஒவ்வொரு மைக்கையும் வேறு வேறு நேரத்தில் சேரும். ஒலி மூன்று மீட்டர் போக ஏறக்குறைய ஒன்பது மில்லிநொடி. வித்தியாசத்தை அளந்தால் சிரித்தவர் இருந்த இடம் கிடைத்துவிடும். நெவில் அளந்து சொல்லச் சொல்ல, நான் மண்டபத்தின் வரைபடத்தில் கோடு போட்டேன். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் எல் வரிசை, பதினான்காம் இருக்கையில் வந்து நின்றது.

தீ விபத்து விதிக்காக யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பட்டியல் வைப்போம். கோப்பில் இருந்தது. எல் பதினான்கு: திருமதி ஐ. என்ட்விசில். அவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிவப்புக் கோடு. வராதவர்களுக்குப் போடும் கோடு.

“அப்போ அந்த இடம் காலியா இருந்ததா?” என்று கேட்டேன்.

நெவில் நாடாவை நிறுத்தினார். “மைக்குக்கு அடியில காலியா விட மாட்டோம் கண்ணு. சத்தத்துல பொத்தல் விழும். ஆபீஸ் ஆள் யாரையாவது உக்கார வைப்போம். அன்னிக்கு உன்னைத்தானே அனுப்பினோம்.”

ஆமாம். வாசலில் சீட்டுகளை வாங்கிக்கொண்டிருந்த என்னை, படம் தொடங்கும் நேரத்தில் உள்ளே அனுப்பினார்கள். உட்கார், ஆனால் சிரிக்காதே என்றார்கள். அதுவும் விதி. எங்கள் சிரிப்பு கருத்தல்ல. ஒன்றரை மணி நேரமும் கழுத்துத்துணியின் முனையைக் கடித்தபடி இருந்தேன்.

“ஆனா நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே” என்றார் நெவில்.

நான் சிரிக்கவில்லை. நிச்சயமாகத் தெரியும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நெவிலிடம் சொல்லவில்லை. அன்று மண்டபத்தில் சூடேற்றும் குழாய்கள் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் உட்காராத அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தபோது, அது சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நெவில் சிரிப்பைத் துடைத்தார். டங்கன் பக்கத்தில் நின்று கேட்டுத் திருப்திப்பட்டார். அதற்கு முன்பே நெவில் அதை ஒரு கேசட்டில் எடுத்து என் பைக்குள் போட்டிருந்தார். மதிய உணவு நேரத்தில் அஞ்சலில் சேர்த்துவிட்டு டாட்மார்டனுக்கு அழைத்தேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைக்காமல் என்னால் பேச முடியாது. இருக்கை எண், சிவப்புக் கோடு, வரவில்லை. வருந்துகிறோம்.

கேசட் வருகிறது என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். பிறகு, “அது இருக்கட்டும். வந்தாங்களா, வரலையா? மழுப்பாம சொல்லும்மா” என்றார்.

தாளைப் பார்த்தேன். வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

முதல் எழுத்துக்கு முன்னால் சிரிப்பு வந்தது. என் தொண்டையிலிருந்துதான் வந்தது. என் தொண்டைக்குப் பழக்கமில்லாத கனம். கரகரவென்று மூன்று படி இறங்கி நின்றது. நான் கையால் வாயைப் பொத்துவதற்குள் முடிந்துவிட்டது.



ஒன்று என்று எண்ணினேன். இரண்டு. எதுவும் விழவில்லை.

“சரி” என்றார் கிளைவ். அவர் மூச்சு விடுவது கேட்டது. “வந்திருக்காங்க. போதும்.”

நான் ஏதோ சொல்ல முயன்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் இருக்க வேண்டும். அவர் விடவில்லை. மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலக் கேட்டார்.

“உன் தலைக்கு மேல ஏதாவது இருக்காம்மா? விளக்கு, அலமாரி, ஏதாவது?”

நிமிர்ந்து பார்த்தேன். நீளமான குழல்விளக்கு இருந்தது.

“கொஞ்சம் தள்ளி உக்காரு. அம்மாவுக்கு நேரக்கணக்கு எப்பவும் சரியா இருக்காது.”

போனை வைத்தோம். நான் எழுந்து, ஜன்னலோரம் கிடந்த நாற்காலிக்குப் பதிவேட்டோடு மாறினேன். அதன் ஒரு கால் ஆடும் என்பதால் கோடையிலிருந்து யாரும் அதில் உட்காருவதில்லை. ஜன்னல் திறந்திருந்தது, மழைச்சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாற்காலி சூடாக இருந்தது.

எழாமல் அதிலேயே உட்கார்ந்து அன்றைய வரியை எழுதினேன். திரு. என்ட்விசில், டாட்மார்டன். டாட்டர்சால் விடுதி, நான்காம் பகுதி. பாராட்டு: ஒன்று.

பிறகு, பின்னாலிருந்து கேட்கும் குரலுக்கான விதி நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு, இரண்டு என்று திருத்தினேன்.