உம்மு குல்சூமின் குளிப்பாட்டு

வேலியோரத்துப் புழுதி மண்ணை அரித்து, ஒரு தட்டத்தில் ஏந்திக்கொண்டு அலீமா மாமி அறைக்குள் வந்ததுமே நஸ்லாவுக்கு விளங்கிவிட்டது. இருந்தும் கேட்டாள்.

"மாமி, மண் என்னத்துக்கு?"

"தயம்மும் செஞ்சி எடுப்பம் புள்ள. தண்ணி வாணாம்."

நஸ்லாவின் முகத்தைப் பார்க்காமலே மாமி சொன்னாள். ஆலங்குடாவில் முப்பது வருசமாக, இறந்துபோன பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டுகிறவள். கடலில் மூன்று நாள் கிடந்து கரையொதுங்கிய குமர்ப்பெண்ணைக்கூடக் கை கூசாமல் குளிப்பாட்டியவள். இன்று இரண்டு கைகளிலும் ஷொப்பிங் பேக்கை மாட்டி, மணிக்கட்டில் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

தயம்மும் என்பது தண்ணீர் படவே முடியாத மையத்துக்கு. தீயில் கருகிய உடம்புக்கு, தொட்டால் தோல் கழன்று வரும் உடம்புக்கு. மண்ணில் தட்டிய கையால் முகத்தையும் கைகளையும் தடவிக் கபன் துணியைச் சுற்றிவிடலாம். விடியற்காலையில் மௌத்தான நஸ்லாவின் உம்மா உம்மு குல்சூமின் தோலிலோ ஒரு கீறல்கூட இல்லை.

"மூக்கால ரெத்தம் வந்த மௌத்து," என்றாள் வாசற்படியில் நின்ற பக்கத்து வீட்டுச் சுல்பா. "அந்தத் தண்ணி எங்கட கெணத்தடிக்குத்தானே ஓடும்? எனக்குக் கைப்புள்ள இரிக்கி."

"இது என்ன தொத்துற வருத்தமா ராத்தா?"

"இல்லாட்டி ஏன் மூணு மாசமா எங்கள உள்ளுக்கு விடல்ல? மாஸ்க் போடு, எட்டி நில்லு எண்டு சொன்னாய். உம்மாக்கு வேற கோப்பை, வேற பீங்கான். நான் கொண்டந்த வட்டலப்பத்த வாசலோட திருப்பியனுப்பினதும் நீதான்."

அவ்வளவும் நஸ்லா செய்ததுதான். மருந்தேற்றிய உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, யாராவது ஒருவர் தும்மினாலும் உம்மா தாங்கமாட்டா என்று டொக்டர் எச்சரித்திருந்தார். ஏன் மறிக்கிறாள் என்று மட்டும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரத்தப் புற்றுநோய் என்ற சொல் படலையைத் தாண்டக்கூடாது என்பது வாப்பாவின் கட்டளை.

"உங்கக்கிட்ட இருந்து உம்மாவக் காப்பாத்தத்தான் மறிச்சன். உம்மாக்கிட்ட இருந்து உங்கள இல்ல!"

சுல்பாவை விட்டு மாமியின் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்க மாமி. நம்மட ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்டு சுத்தி வெச்சிரிக்கி. எந்த இடத்த விரிக்கணும், எந்த இடத்த மூடணும் எண்டு அதப் புடிச்சிப் பாக்குறதுக்குப் புரதங்கள் இரிக்கி. உம்மாட எலும்பு மச்சைக்குள்ள அதுல ஒண்டு விடவேண்டிய இடத்த விடாமப் புடிச்சிட்டு. மூடவேண்டியது தொறந்தே கிடந்திச்சி. விளையாத வெள்ளணுவா பெருகிப் பெருகி நல்ல ரெத்தத்துக்கு இடமில்லாமப் போச்சி. டொக்டர் கடுதாசியில கீறிக் காட்டினாரு. அந்தப் பிடியக் கழட்டுற மருந்துக் குளிசை வெளிநாட்டுல இரிக்காம். இங்க வரல்லயாம். இன்னம் வரல்லயாம்! தும்மினா தொத்துமா இது? கெணத்துக்குள்ள எறங்குமா? உம்மாவோடயே அதுவும் மௌத்தாப்போச்சி மாமி."

சுல்பா முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே இருந்து வாப்பா ஜபாரின் குரல் வந்தது. "நஸ்லா, சத்தம் போடாத. லுஹர் தொழுகைக்கு எடுக்கணும். மாமி சொல்றபடி செய்ங்க."

"நீங்க பேசவாணாம் வாப்பா! ஊருக்கு ஒரு வார்த்த சொல்ல விட்டீங்களா? ஆஸ்பத்திரியில கடைசி இருவது நாளும் நனைச்ச துணியாலதான் உம்மாவத் தொடச்சன். வீட்டுக்குப் போய் ஒரு வாளி தண்ணி ஊத்திக் குளிக்கணும் எண்டுதான் கேட்டுக்கிட்டே கிடந்தா. உங்கக்கிட்டயும் கேட்டா."

வெளியே கதிரை ஒன்று நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

நஸ்லா பஞ்சை நனைத்து, உம்மாவின் மூக்கருகில் காய்ந்திருந்த இரத்தத்தை வெறுங்கையால் துடைத்தாள். துடைத்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு வாளியை இழுத்தாள்.

"ஆரும் வராட்டி நான் தனியக் குளிப்பாட்டுவன்."

அலீமா மாமி மண் தட்டத்தை ஜன்னலில் வைத்தாள். மணிக்கட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பைகளை உருவிப் போட்டாள்.

"தனியப் பெரட்டேலாது. இடுப்ப நான் புடிக்கிறன். சுடுதண்ணி கலந்தியா? தண்ணியில போட எலந்த எல எங்க?"

சுல்பா போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தண்ணீர் தன் பக்கம் வராமல் அணை கட்டுகிறாள். மாமி அதைக் கேட்டும் கேளாதவள்போல் கதவைச் சாத்திவிட்டு, பிஸ்மி சொல்லி வலப்பக்கத்தில் தொடங்கினாள்.

பெண் மையத்துக்கு முடியைச் சீவி மூன்று பின்னலாகப் பின்னுவது முறை. தலைத்துணியை அவிழ்த்த மாமியின் விரல்கள் பழக்கத்தில் வகிடெடுக்கப் போயின. மருந்து ஒரு முடியையும் விட்டுவைக்கவில்லை. விரல்கள் அங்கேயே நின்றன.

"ஊத்து புள்ள. மெதுவா."

நஸ்லா ஊற்றினாள். உம்மாவின் காதுக்குள் தண்ணீர் போகாமல் மாமி இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.