புளியங்கொட்டைப் பரீட்சை

எங்கள் துடியலூர் பால்வாடிக்கு அந்த முகாம் வந்தது தொண்ணூற்றாறில். மூன்றிலிருந்து ஐந்து வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, வயசுக்குத் தக்க பேச்சு இருக்கிறதா என்று காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள். பந்தலும் சாப்பாடும் மில் முதலாளி அரங்கசாமியின் உபயம். அதைச் சொல்லும் துணி பேனர் பால்வாடிச் சுவரைவிட நீளம். பிள்ளைகள் உட்கார ஒரு பாய் வேண்டுமென்று பால்வாடி டீச்சர் நான் மூன்று வருஷம் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷர் அவர்.

அவர் பேத்தி சாய்ப்ரியாவுக்கு நாலு வயசு. அம்மா என்றுகூட இன்னும் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்று மருமகள் கோமளா கேட்கும்போதெல்லாம், எங்க ஊட்டுல பேச்சு லேட்டாத்தான் வரும், நானே அஞ்சு வயசுலதான் பேசினேன் என்பாராம். ஆரம்பித்தவர் அப்புறம் நிறுத்தவில்லை என்பதுதான் ஊருக்குக் கஷ்டம்.

முதல் பிள்ளையாகத் தன் பேத்தியைத்தான் பார்க்க வேண்டும், பேப்பரில் படம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று ஒரு வாரம் முன்பே விசாரித்து, டியூசன் வாத்தியார் பாலுசாமியை வைத்துப் பழக்கியும் விட்டார். சோதனையென்றால் அவருக்குப் பரீட்சை. பரீட்சையென்றால் அவர் வீட்டுப் பிள்ளை பாஸாக வேண்டும். வாத்தியாரே பிற்பாடு தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் சொன்னது இது.

சோதிக்க வந்த பெண் லோகப்பிரியா, குழந்தைக்குப் பின்னால் நின்று சின்ன மேளத்தைத் தட்டினாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். முதலாளி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேளம் தட்டினால் அவர் தலை லேசாக அசைந்து தாடை இறங்கும். தாடை இறங்கினால் கொட்டை விழும். ஐந்து தட்டு, ஐந்து கொட்டை. மில் ஆட்கள் கை தட்டினார்கள். லோகப்பிரியா அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

கோமளா எழுந்து வந்து மாமனாருக்கு முன்னால் மறைத்து நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, இன்னொருக்கா தட்டுங்க."

"கோமளா, நகரு. படம் எடுக்கறாங்க."

"எடுக்கட்டுங்க மாமா. நானும் அதுல இருந்துக்கறேன்."

லோகப்பிரியா ஓங்கித் தட்டினாள். பந்தலில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. சாய்ப்ரியா மட்டும் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் சேலைக்கு இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் எட்டி எட்டித் தாத்தா முகத்தைத் தேடினாள்.

காதைப் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்ட வேண்டும், அதற்கு அடுத்த மேஜையில் சீட்டு தருவார்கள் என்று லோகப்பிரியா மெதுவாகச் சொன்னாள்.

முதலாளி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஓசியில பாத்தா இந்த லட்சணத்துலதான் பாப்பாங்க. கெளம்பு, போலாம்."

தன் உபயப் பந்தலுக்குத் தானே அப்படிச் சான்று கொடுத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். சுவரைத் தாண்டி வாசலில் தொங்கிய அவருடைய பேனருக்குக் குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

கோமளா கிளம்பவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சீட்டுக்கான வரிசையில் போய் நின்றாள். அவர்கள் மில்லில் கூட்டுகிற தெய்வாத்தாள் பேரனோடு முன்னால் நின்றிருந்தாள். பதறிப்போய் நகர்ந்து, நீங்க முன்னால போங்க என்றாள். வேண்டாங்க, நீங்க நில்லுங்க என்றாள் கோமளா.

சாய்ப்ரியா கொட்டையை இன்னும் போடவில்லை. தாத்தா எப்போது தலையசைப்பார் என்று, கார் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.